நூற்று எண்பது கிரெயின்

வேட்டி நிற்கவில்லை. இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து காந்திமதி இறுக்கிச் செருகிய முனை, அவள் கையை எடுத்ததுமே நழுவி மேசையின் தகர விளிம்பில் விழுந்தது. மறுபடியும் சங்கரலிங்கத்தின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்துத் துணியை இழுத்தாள். உயிரோடு இருந்தபோதே அவனுக்கு வேட்டி சரிவராது. கல்யாணத்தன்று பட்டு வேட்டியின் மேல் பெல்ட் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்திருந்தான். இப்போதும் அப்படியே பிடிவாதமாகக் கிடக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. வெடுக்கென்று இழுத்ததில் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்த ஈமக் கூடத்தில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் இதுவரை கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். வேட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தயங்கித் தயங்கி வந்து, உள்ளங்கையில் வைத்திருந்த ஊக்குகளை நீட்டினாள். காந்திமதி வாங்கிக் குத்தினாள்.

கால் விரல்கள் கறுத்திருந்தன. இடது முழங்கால் வீங்கி வேறு யாருடைய காலோ போல இருந்தது. வேட்டியை இழுத்து அதை மூடினாள்.

பக்கத்து அறையில் நெல்லையப்பன் பேசுவது கதவைத் தாண்டிக் கேட்டது. டொராண்டோவில் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. சங்கரலிங்கம் வேலை பார்த்த இரும்பு வார்ப்பாலையிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். புதிதாக யாராவது ஓவர்கோட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம் நெல்லையப்பன் கதையை முதலிலிருந்து சொன்னார். அவள் இந்த அறைக்குள் வந்தபிறகு இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கு நினைவில்லை.

"நூத்தம்பது கிரெயின் குண்டு போதும்னு எடுத்துட்டான். நான் சொன்னேன், இது காடு, கிட்டத்துல நின்னு சுடுதோம், எலும்புல பட்டா லேசான குண்டு பொடிப்பொடியாப் போயிரும், உள்ள இறங்காது, நூத்தி எம்பது எடுன்னேன். கேக்கல. மான் தோள்பட்டையில அடி வாங்கிட்டு ஓடிட்டு. இவன் அது பின்னாலேயே போயிட்டான்."

யாரோ கிரெயின் என்றால் என்ன என்று கேட்டார்கள். தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை என்று நெல்லையப்பன் விளக்கினார். எடை கூடினால் வேகம் குறையும், ஆனால் ஆழமாக இறங்கும் என்றார். இன்னொருவர் அப்படியானால் வேகமும் முக்கியமில்லையா என்றார். கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவர் வேகத்தின் வர்க்கத்தைப் பற்றி ஏதோ சொன்னார். சாவு வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற ஆண்களுக்குப் பேச ஒன்று கிடைத்துவிட்டது. குரல்கள் கொஞ்சம் உற்சாகமாகக்கூட ஆயின.

காந்திமதிக்கு அழுகை வரவில்லை. காது மடல்கள் சுட்டன. கடைசி ஊக்கைக் குத்தும்போது அது அவள் விரலில் இறங்கியது. ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

நெல்லையப்பன் பாளையங்கோட்டைக்காரர். எக்ளிண்டன் அவென்யூவில் இருந்த வார்ப்பாலைக்கு முதலில் வந்த தமிழர் அவர்தான். எழுபதாம் வருஷம் ஒரு ஜனவரியில் சங்கரலிங்கமும் காந்திமதியும் பருத்திச் சட்டையோடும் நூல் புடவையோடும் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, இரண்டு ஓவர்கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சங்கரலிங்கத்துக்கு அதே ஆலையில் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். டோர்செட் பார்க் பகுதியில் வீடு பார்த்துக் கொடுத்தார். அவர் மனைவி உலகம்மை முதல் மாதம் முழுக்கக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாச்சி சொன்னால் சங்கரலிங்கத்துக்கு மறுபேச்சுக் கிடையாது. அவர் சொன்ன கடையில்தான் கார் டயர் வாங்கினான். அவர் சொன்ன கட்சிக்காரரைத்தான் நல்லவர் என்று நம்பினான்.

வேட்டைக்குப் போகச் சொன்னதும் அவர்தான். நவம்பர் வந்தால் ஆலையில் பாதிப் பேர் வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு அதே பேச்சு. அந்தப் பேச்சில் இல்லாதவன் அவர்கள் கணக்கில் ஆள் இல்லை. இந்த வருஷம் பஸ்ஸில் ஒருவன் சங்கரலிங்கத்தைப் 'பாக்கி' என்று, பாகிஸ்தானிகளைத் திட்டும் சொல்லால் கூப்பிட்டு, காலடியில் துப்பியிருந்தான். ஆலையின் கழிப்பறைச் சுவரிலும் அதே சொல்லை யாரோ எழுதியிருந்தார்கள். அவர்களோடு ஒரு தடவை காட்டுக்குப் போய் வந்தால் இதெல்லாம் நின்றுவிடும், சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராகவும் ஆகலாம் என்று நெல்லையப்பன் சொன்னார். அவர் மூன்று வருஷமாகப் போகிறார். ஆலையில் அவரை 'நெல்லி' என்று கூப்பிடுவார்கள். அது அங்கே பொம்பளைப் பெயர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது தெரிந்தும் சிரித்துக்கொண்டார்.

துப்பாக்கி வாங்கப் போனபோது காந்திமதியும் கூடப் போயிருந்தாள். பழைய ராணுவத் துப்பாக்கி, மரக்கட்டையைக் குறைத்து வேட்டைக்குத் தோதாக மாற்றியது. தோட்டா வாங்கும் இடத்தில் விற்பனையாள் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று நூற்றைம்பது கிரெயின், மற்றது நூற்று எண்பது. திறந்த வெளியில் தூரத்திலிருந்து சுடுவதானால் லேசானது நல்லது, நேராகப் போகும், தோளையும் அவ்வளவாக உதைக்காது என்றான். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் நின்று சுடுவதானால் கனமானதுதான் நம்பிக்கை என்றான். நெல்லையப்பன் சிரித்துவிட்டு லேசான குண்டுப் பெட்டியை எடுத்துச் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார். நாம் என்ன யானையையா சுடப் போகிறோம், நான் மூன்று வருஷமாக இதைத்தான் போடுகிறேன் என்றார். சங்கரலிங்கம் அதையே வாங்கினான்.

ஆனால் அவனால் அதை அத்தோடு விட முடியவில்லை. ஒரு டப்பா திறப்பான் வாங்கவே கடை கடையாகத் திரிகிறவன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது சாதத்தை ஒதுக்கிவிட்டு, தட்டில் அப்பளத்தை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினான். வேகமாகப் போகிற லேசான குண்டு கெட்டியான எலும்பில் மோதினால் இப்படித்தான் மேலேயே நொறுங்கும். தோல் கிழியும், எலும்பு உடையும், ஆனால் நெஞ்சு வரைக்கும் போகாது. மான் சாகாமல் ஓடும். நாள் கணக்கில் கிடந்து சாகும். அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்படியானால் போகாமலே இருங்களேன் என்றாள். போகணும், அண்ணாச்சிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன் என்றான். சுட்டால் அது நின்ற இடத்திலேயே விழணும், அதுக்கு வழியில்லைன்னா சுடக் கூடாது என்றான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது தோட்டாப் பெட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். நூற்று எண்பது. அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம் என்றான். அவர் எடுத்துக் கொடுத்ததைத் திருப்பினோம் என்று தெரிந்தால் மனசு சங்கடப்படும்.

அதன்பிறகு நடந்ததாக அவளுக்குச் சொல்லப்பட்டது இதுதான். வடக்கே பான்கிராஃப்ட் ஊருக்கு அப்பால், ஆலையில் வேலை செய்யும் எய்னோ என்ற ஃபின்லாந்துக்காரனின் மரக்குடிலில் அவனையும் சேர்த்து நான்கு பேர் தங்கினார்கள். இரண்டாம் நாள் காலை சங்கரலிங்கமும் நெல்லையப்பனும் ஒரு பக்கம் போனார்கள். சங்கரலிங்கம் ஒரு மானைச் சுட்டான், அது அடிபட்டு ஓடியது, அவன் தேடிக்கொண்டு போனான், திரும்பவில்லை. மத்தியானம் மழை பிடித்து, மழை பனியாகி, தடங்களை எல்லாம் மூடிவிட்டது. பீவர் என்ற நீரெலிகள் ஓடைக்குக் குறுக்கே மரம் போட்டுக் கட்டிய அணை ஒன்றில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்திருந்தான். துப்பாக்கி தண்ணீருக்குள் போய்விட்டதால் சுட்டு யாரையும் கூப்பிட முடியவில்லை. முழங்கால் முறிந்த நிலையில் ஈரத்துணியோடு கரைக்குத் தவழ்ந்து வந்திருக்கிறான். மறுநாள் காலை எய்னோதான் அவனைக் கண்டுபிடித்தான். மானும் அவன் கிடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்தது. தோள்பட்டை முழுக்க ஈயச் சில்லுகள்.

இதில் பொய் எது என்று இன்று காலை வரை அவளுக்குத் தெரியாது. மூன்று நாட்களாக யார் என்ன சொன்னார்களோ அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூற்றைம்பது என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எங்கேயோ இடறியது. ஆனால் எங்கே என்று யோசிக்கத் தலைக்குள் இடம் இல்லை.

காலையில் ஈமக் கூடத்துக்குக் கிளம்பும் முன் எய்னோ வந்து கதவைத் தட்டினான். உயரமான மனிதன், அளவு பொருந்தாத கறுப்புக் கோட்டு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சங்கரலிங்கத்தின் பையைக் கொடுத்தான். தண்ணீருக்குள்ளிருந்து துப்பாக்கியைத் தான்தான் எடுத்ததாகவும், அதற்குள் இருந்த தோட்டாக்களை வெளியே எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பதாகவும், துப்பாக்கி போலீஸிடம் இருப்பதாகவும் சொன்னான்.  போய்விட்டான்.

அவள் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். ஃபிளாஸ்க், கையுறை ஒன்று, அவள் கட்டிக் கொடுத்திருந்த புளியோதரையின் டப்பா கழுவப்படாமல். தோட்டாப் பெட்டியின் அட்டை ஈரத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. அதில் நூற்று எண்பது என்ற எண். கைக்குட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துப் பெட்டிக்குள் இருந்த குழிகளில் சொருகினாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமல்தான் செய்தாள். சிதறிக் கிடந்ததை எடுத்து வைக்கிற பழக்கம். கடைசித் தோட்டா கடைசிக் குழியில் இறங்கியது. ஒரு குழிகூடக் காலியாக இல்லை.

 அவன் ஒரு தடவைகூடச் சுடவில்லை. மானின் தோளில் சிதறியது அண்ணாச்சி போடுகிற நூற்றைம்பதுதான்.

அப்போது அவளுக்கு வந்த கோபம் முதலில் நெல்லையப்பன் மேல் வரவில்லை. சங்கரலிங்கத்தின் மேல்தான் வந்தது. யாரோ சுட்ட மான். உங்களுக்கென்ன வந்தது. அவர் திரும்பிப் போனார் இல்லையா, நீங்களும் போயிருக்க வேண்டியதுதானே. அப்பளத்தை நொறுக்கிக் காட்டின அந்தக் கட்டை விரலை நினைத்தாள். மேசையில் கிடந்த ஒற்றைக் கையுறையை எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

ஈமக் கூடத்தின் சடங்குகள் சீக்கிரமே முடிந்தன. கூடத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் கற்பூரத்தைக் கொளுத்தாமல் ஒரு தட்டில் வைத்து மட்டும் காட்டினார்கள். தேவாரம் தெரிந்த ஒரு மாணவன் இரண்டு பாட்டுப் பாடினான். வாய்க்கரிசி போட்டார்கள். நெல்லையப்பன் ஈர வேட்டியோடு, தோளில் ஈரத் துண்டோடு, மேலே சட்டையில்லாமல் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தார். குளிரில் அவர் முதுகு புல்லரித்திருந்தது. சங்கரலிங்கத்துக்குப் பிள்ளை இல்லை, இங்கே உடன்பிறந்தாரும் இல்லை. சங்கரன்கோவிலில் இருந்த அவன் அப்பா நெல்லையப்பனே கொள்ளி வைக்கட்டும் என்று தந்தி அடித்திருந்தார். நெல்லையப்பன் அந்தத் தந்தியைக் கோட்டுப் பையில் வைத்திருந்து முன்னமே எல்லாருக்கும் காட்டியிருந்தார். நடுவில் காந்திமதியின் பக்கத்தில் வந்து, ஊருக்குப் போய்விடுவதுதான் நல்லது, தனியாக ஒரு பெண்பிள்ளை இங்கே என்ன செய்ய முடியும், டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், சாயங்காலம் உன் வீட்டுக்கு ஊரிலிருந்து டிரங்கால் வரும்போது உன் மாமனாரிடமும் நானே பேசிவிடுகிறேன் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

தகனக் கூடத்துக்குப் போகக் கார்கள் வரிசையாக நின்றபோது காந்திமதி உலகம்மையின் காரில் ஏறவில்லை. எய்னோவின் வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவன் திகைத்துப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

வழியில் அவள் கேட்டாள். அன்று மத்தியானம் நெல்லையப்பன் குடிலுக்குத் திரும்பி வந்து என்ன சொன்னார். எய்னோ யோசித்துப் பதில் சொன்னான். ஒன்றும் கிடைக்கவில்லை, சுட்டது குறி தவறிவிட்டது என்றார். சங்கரலிங்கம் எங்கே என்று கேட்டதற்கு, காலையிலேயே பிரிந்துவிட்டோம், சாலைப் பக்கம் போயிருப்பான் என்றார். இருட்டத் தொடங்கியும் அவன் வராததால் அவர்கள் சாலைப் பக்கம் தேடினார்கள். கிராமம் வரைக்கும் போனார்கள். மறுநாள் விடிந்தபிறகுதான் நெல்லையப்பன் வேறு மாதிரி சொன்னார், சங்கரலிங்கம் ஒரு மானை அடித்துவிட்டுச் சதுப்புப் பக்கமாகப் போனான் என்று. சொன்ன கொஞ்ச நேரத்திலேயே எய்னோ அவனைக் கண்டுபிடித்துவிட்டான். குடிலிலிருந்து அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.

அடிபட்ட மானை விட்டுவிட்டு வந்தால் உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். அப்படி ஒருவன் செய்தால் அடுத்த வருஷம் அவனைக் கூப்பிட மாட்டோம் என்றான் எய்னோ. சொல்லிவிட்டு, சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒரு தடவை பார்த்தான்.  ஸ்டியரிங்கில் அவன் கை இறுகியிருந்ததை அவள் கவனித்தாள்.

தகன அறை சின்னது. வெள்ளைச் சுவர், நடுவில் ஓர் இரும்புக் கதவு, அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். சுவருக்குப் பின்னால் எங்கேயோ ஒரு இயந்திரம் சீராக உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று நெல்லையப்பன் முன்னமே சொல்லியிருந்தார். உலகம்மையும் மற்றவர்களும் வெளி அறையில் நின்றுவிட்டார்கள். காந்திமதி ஆண்களுக்கு நடுவே புகுந்து உள்ளே வந்தாள். அவளைத் தடுக்க யாருக்கும் தெரியவில்லை. பெட்டியை உருளைகளின் மேல் தள்ளி இரும்புக் கதவுக்குள் அனுப்பினார்கள். கதவு இறங்கியது. அங்கிருந்த அதிகாரி, பொத்தானை அழுத்துவது யார் என்று மரியாதையாகக் கேட்டார். நெல்லையப்பன், மறுபடியும் நனைத்துக்கொண்ட வேட்டியும் துண்டுமாக, கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"நில்லுங்க அண்ணாச்சி," என்றாள் காந்திமதி.

அவளுக்குக் கடைசியாக ஒரு தடவை கும்பிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அவர் வழிவிட்டார்.

"நீங்க தொட வேண்டாம்."

"ஏம்மா, அவனுக்கு இங்க வேற யாரு இருக்கா? மாமாவே தந்தியில சொல்லியிருக்காவ."

"மாமாவுக்குத் தெரியாது. அந்த மானைச் சுட்டது யாரு?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் அறை சின்னது. வேகத்தின் வர்க்கத்தைப் பற்றிப் பேசிய கணக்கு வாத்தியார் தரையைப் பார்த்தார். எய்னோவுக்கு மொழி புரியவில்லை. இருந்தாலும் அவன் நெல்லையப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு," என்றார் நெல்லையப்பன்.

"அவிய பையில நூத்தம்பது கிடையாது, அண்ணாச்சி. நீங்க எடுத்துக் குடுத்ததை மறுநாளே கொண்டுபோய் மாத்திட்டு வந்தாவ. உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு என்னையும் சொல்லாதேன்னாவ. இன்னைக்குக் காலையில எல்லாத்தையும் பெட்டியில அடுக்கிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடச் சுடல."

 நெல்லையப்பனின் தோளில் இருந்த ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியிருந்தது. அவர் சுற்றி நின்ற ஆண்களின் முகங்களைப் பார்த்தார். விட்பியில் புது வீடு கட்டிக் குடியேறியபோது எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைத்தவர். பொங்கலுக்கு எல்லாரையும் ஒரே மண்டபத்தில் சேர்ப்பவர். அவர் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"எல்லாரும் இருக்காவ, காந்தி. வீட்டுல போய்ப் பேசுவோம்."

"அன்னைக்குச் சாயங்காலமும் எல்லாரும் இருந்தாவ," என்றாள் அவள். "அப்பமும் நீங்க பேசல."

 கற்பூரக் கட்டிகள் தட்டின் விளிம்புக்கு உருண்டன.  அதிகாரி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவர் இதுபோல எவ்வளவோ குடும்பங்களைப் பார்த்திருப்பார்.

வாசல் பக்கமிருந்து உலகம்மை வந்தாள். கணவனின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள்.

அவர் தள்ளி நின்றார். சுவரோடு சுவராக, வெற்று முதுகு வெள்ளைச் சுவரில் ஒட்ட, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். யாரும் அவர் மேல் ஒரு கோட்டைப் போர்த்தவில்லை.

உங்களுக்கும் தெரியுமா மதினி என்று காந்திமதி கேட்டாள். மூன்று நாளாகக் காந்திமதியின் வீட்டு அடுப்படியில் நின்று கஞ்சி வைத்துக் கொடுத்தவள் உலகம்மை. காந்திமதியின் தலையை வாரிவிட்டவள். அவள் குனிந்தபடியே தீக்குச்சியைக் கிழித்தாள், அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். கற்பூரம் பற்றிக்கொண்டபின் தட்டை நீட்டினாள். அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காந்திமதி தட்டை வாங்கி இரும்புக் கதவுக்கு நேராக மூன்று தடவை சுற்றினாள். கீழே வைத்தாள். பொத்தான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. ஊக்குக் குத்திய விரலால் அழுத்தினாள். போதவில்லை. உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். சுவருக்குப் பின்னால் உறுமல் ஒரு படி உயர்ந்தது.

திரும்பும்போது எய்னோவே வண்டி ஓட்டினான். கென்னடி சாலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவளாகவே கேட்டாள், மான் எவ்வளவு தள்ளிக் கிடந்தது என்று. இங்கிருந்து அந்தப் பெட்ரோல் பங்க் வரை இருக்கும் என்று அவன் கையைக் காட்டினான். அவள் அந்தத் தூரத்தைப் பார்த்தாள். பைத்தியக்கார மனுஷன் என்று தமிழில் சொன்னாள்.  அந்த மானை அடித்துவிட்டு விட்டுப்போனது யார் என்று அடுத்த வாரம் ஆலையில் எல்லாரிடமும் சொல்லப் போவதாக எய்னோ சொன்னான். சொல்லுங்கள் என்றாள்.

வீட்டில் யாரும் இல்லை. உலகம்மை வழக்கம்போல வருவாளோ என்று நினைத்தாள். வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பேசுவதாகச் சொன்ன நெல்லையப்பன் வரவில்லை. வர மாட்டார் என்று தெரியும்.

டிரங்கால் இருட்டியபின் வந்தது. ஊரில் அப்போது விடிந்திருக்கும். ஆபரேட்டர் இணைப்பைக் கொடுத்ததும் கடலின் இரைச்சல் போல ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து மாமனாரின் குரல். ரைஸ் மில்காரர் வீட்டுத் தொலைபேசியில் பேசிப் பழக்கமில்லாமல், ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். நெல்லையப்பனிடம் கொடு என்றார்.

"அவிய இல்ல மாமா. நாந்தான் காந்திமதி பேசுதேன்."

எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள். நெல்லையப்பன் முறையாகச் செய்தானா என்றார். நான்தான் செய்தேன் என்றாள். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.  பிறகு, வேட்டையில் விபத்து என்றுதான் அங்கிருந்து வந்த தந்தியில் இருந்தது, யாருடைய குண்டு பட்டது என்று கேட்டார்.

"குண்டு படல மாமா. குளிரு."

"என்னது?"

"குளிரு. குளிர்ல போயிட்டாவ."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். குளிர், மாமா, குளிர். அவள் சத்தமே கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து அவள் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

மறுமுனையில் சத்தம் நின்றது. பிறகு கிழவர் மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலத் தெளிவாக வந்தது.

"போத்திக்கிட ஒண்ணும் இல்லையாம்மா?"

நடுவில் ஆபரேட்டரின் குரல் புகுந்தது. நேரம் முடிந்துவிட்டது, நீட்டிக்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வேண்டும் என்றாள் காந்திமதி. தொலைபேசியின் வயரை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தோளில் குளிர்ந்து இறங்கியது.

"சொல்லுதேன் மாமா," என்றாள்.